பாட்டியின் தட்டில் உருளைக்கிழங்கு: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் சமையல் பொறுப்பைக் கவனிக்கிறேன். இரத்த அழுத்தக்காரர்களின் பங்கை உப்புப் போடும் முன்பே எடுத்து வைத்துவிடுவோம், அதெல்லாம் பழகிவிட்டது. சிக்கல், சிறுநீரகக் கோளாறு உள்ள படுகர் இனப் பாட்டி ஒருவரிடம்தான். பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார். பாட்டிக்கோ அவரையும் உருளைக்கிழங்கும் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். ஆனால் ருசியும் கூடவே போய்விடுகிறது! அதை மீட்க நீங்கள் என்ன சேர்க்கிறீர்கள்? சோடியம் குறைந்த உப்பைச் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது. காய்ந்த அவரைக்கு மாற்றாக என்ன கொடுக்கலாம்?

பார்க்க வரும் உறவினர்கள் வேறு, வர்க்கியையும் ஊறுகாயையும் பைக்கடியில் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். மனம் நோகாமல் எப்படித் தடுப்பது? குன்னூர், ஊட்டிப் பக்கம் அவ்வப்போது நேரில் வரக்கூடிய உணவியல் நிபுணர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். எந்த யோசனையையும் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் அடுப்பேற்றுவேன்.