பழைய பியூஸ் பாக்ஸை மாற்ற 2,800 வெள்ளியா, 750 வெள்ளியா?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அப்பா வாங்கிய தரை வீடு, 1970-களில் கட்டியது, சிங்கிள் ஃபேஸ். பியூஸ் பாக்ஸ் இன்னும் மரப்பலகையில்தான் இருக்கிறது: வெள்ளைப் பீங்கான் பியூஸ் ஆறு, பக்கத்தில் இரும்பு மெயின் சுவிட்ச். போன வாரம் அம்மா ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட, ஒரு பியூஸ் கருகிச் சமையலறை முழுக்க வாடை.

இரண்டு வயர்மேன்களைக் கூப்பிட்டேன். ஒருவர் 2,800 வெள்ளி என்கிறார். இன்னொருவர் வாசலில் நின்றபடியே 750 என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் வாட்ஸ்அப்பில் எழுதியது ஒரே வரி: ‘டிபி பாக்ஸ் மாற்ற’ (பியூஸ் பாக்ஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்). நான் கணக்கு வேலை பார்ப்பவன், கரண்ட் விஷயம் தெரியாது. ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

கெப்போங்காரன்:
750-க்கே முடியுங்கள். மற்றவர் வீட்டைப் பார்த்து விலை சொல்லியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
தம்பி, அவசரப்படாதீர்கள். வீட்டைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும், வாசலில் நின்று சொல்வதுதான் எனக்கு உதைக்கிறது. பெட்டியும் உள்ளே போகும் எம்சிபிகளும் (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்சுகள்) பெரிய செலவே இல்லை. பணம் போவது மற்ற இடங்களில். இருவரிடமும் இவற்றைக் கேளுங்கள்.

எத்தனை எம்சிபி, எத்தனை ஆம்பியர்? சாக்கெட் லைனில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஓடினால் 20 ஆம்பியர் போடுவோம். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 32 போட்டால் எம்சிபி பேசாமல் இருக்கும், சுவருக்குள் கம்பிதான் சூடாகும்.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச், எல்லாரும் பழக்கத்தில் இஎல்சிபி என்பார்கள்) எத்தனை மில்லி ஆம்பியர்? கையில் பிடித்து வேலை செய்யும் சாமான்கள் உள்ள சாக்கெட்டுக்கு 30. குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10. வீட்டுக்கே 100 ஒன்றை மாட்டிவிட்டுப் போனால் ஆள் அடிபடுவதைத் தடுக்க அது போதாது. உங்கள் பீங்கான் பியூஸிலோ அந்தப் பாதுகாப்பே கிடையாது. 15 ஆம்பியர் பியூஸ் கம்பி உருக ஏறத்தாழ இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், மனிதனுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆபத்து.

அப்புறம் எர்த். அந்தக் காலத்து வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாயை பிவிசியாக மாற்றியதும் எர்த் போச்சு, யாருக்கும் தெரியாது. மண்ணில் செம்புக் கம்பம் அடித்து மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நாங்கள் 10 ஓமுக்குள் கொண்டுவரப் பார்ப்போம்.

ஒவ்வொரு லைனுக்கும் மெக்கர் டெஸ்ட் உண்டா? 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது. அரை நாள் இதற்கே போய்விடும்.

எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் ஆளை மாற்றுங்கள். மீட்டர் பக்கம் இருக்கும் கட் அவுட் (வீட்டுக்குக் கரண்ட் வரும் இடத்து மெயின் பியூஸ்) சீல், கரண்ட் கம்பெனியான தெனாகா நேஷனலுடையது. பெட்டி மாற்ற வருபவர் அதைச் சும்மா உடைக்கக்கூடாது.

பட்டர்வொர்த் அக்கா:
அண்ணன் மெக்கர் பற்றிச் சொன்னது முக்கியம். எங்கள் வீட்டில் மலிவாகப் பெட்டியை மட்டும் மாற்றினோம். அன்றைக்கு ராத்திரியே ஆர்சிசிபி விழுந்தது. வந்தவர் ‘பெட்டி நல்லாத்தான் இருக்கு, உங்க பழைய வயர்தான் லீக்’ என்றார். தேடிக் கண்டுபிடிக்கத் தனிக் காசு! முன்பே டெஸ்ட் செய்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய லைன் லீக் ஆனால் யார் பொறுப்பு, எவ்வளவு என்று வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. இருவரிடமும் கேட்டேன். 750-காரர் 100 மில்லி ஆம்பியர் ஒன்று, எம்சிபி ஆறு, டெஸ்ட் கிடையாது என்றார். சான்றிதழ் கேட்டதும் பதிலே இல்லை. 2,800-காரர் பிரித்து அனுப்பினார்: பெட்டி, எம்சிபி, 30-ம் 10-ம் தனித்தனி ஆர்சிசிபி, எர்த் கம்பம், டெஸ்ட் எல்லாம் சேர்த்து 1,350. மீதி 1,450 சமையலறைக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் புது லைன் இழுக்க. முதலிலேயே இப்படி எழுதியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். இப்போது சமையலறை லைனை மாற்றத்தான் வேண்டுமா?

ஓய்வுபெற்ற வயர்மேன்:
1,350 தாராளமாக நியாயம். அந்த 1,450-க்கு இப்போதே தலையாட்டாதீர்கள். முதலில் மெக்கர் போடச் சொல்லி ரீடிங்கைக் கண்ணால் பாருங்கள். ஆனால் கருகிய பியூஸில் தொடங்கும் லைன் தப்பிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதில் கம்பியின் தோல் சூட்டில் காய்ந்திருக்கும். அதுவரை குக்கரையும் கெட்டிலையும் சேர்த்துப் போட வேண்டாம், பியூஸில் தடித்த கம்பி சுற்றவே வேண்டாம்.

செந்தூல்வாசி:
ரீடிங் வந்துவிட்டது அண்ணே. சமையலறை 0.2 மெகா ஓம். ஹீட்டர் லைன் நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிட்டோம். மொத்தம் 2,050 என்று பேசி முடித்தாயிற்று, சனிக்கிழமை வேலை. அம்மா அறைக்கு அடுத்த வருஷம் ஏர்கோன் வைக்கலாம் என்று இருக்கிறோம், இப்போதே சொல்ல வேண்டுமா?

ஓய்வுபெற்ற வயர்மேன்:
இப்போதே சொல்லுங்கள். எம்சிபிக்கு இரண்டு இடம் காலியாக இருக்கும் பெட்டியாக வாங்கச் சொன்னால் போதும், விலையில் பெரிய மாற்றம் வராது.