‘முழுமைப் பாதை’ வேண்டாம், ‘கருநிழல் தடம்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

2027 ஆகஸ்ட் 2 முழுச் சூரிய கிரகணக் கட்டுரையில், சூரியன் முழுசாக மறைவது தெரியும் நிலப்பட்டைக்கு (path of totality) ‘முழுமைப் பாதை’ என்ற சொல் வந்திருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. முழுமை என்றதும் நிறைவு, குறையின்மை என்றுதான் மனம் போகும். ‘கிரகணப் பாதை’ எளிமையானதுதான், ஆனால் எந்தக் கிரகணம் என்று சொல்லாது.

உண்மையில் தரையில் ஓடுவது நிலாவின் நிழல். சூரியனை முழுசாக மறைக்கிற நடுநிழலைக் கருநிழல் என்றும் சுற்றியுள்ள அரைகுறை நிழலைப் புறநிழல் என்றும் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கருநிழல் அன்று அட்லாண்டிக்கில் தொடங்கி, ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி, வட ஆப்பிரிக்கா, சவுதி, ஏமன், சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடலில் போய் முடிகிறது. எகிப்தின் லக்சர் நகரம் அதற்குள் இருக்கிறது, அங்கே 6 நிமிடத்துக்கும் மேல் சூரியன் மறைந்திருக்கும். கெய்ரோ வெளியே, அதனால் அங்கே பகுதி கிரகணம் மட்டும். மறைப்பு இவ்வளவு நேரம் நீடிக்கக் காரணம், அன்று நிலா நமக்கு அருகில் இருப்பதால் பெரிதாகவும் சூரியன் சற்றுத் தள்ளி இருப்பதால் சிறிதாகவும் தெரிவது. ‘லக்சர் கருநிழல் தடத்தில் இருக்கிறது, கெய்ரோ இல்லை’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படவில்லை.

தடம் என்றால் போன பிறகு பதிவதுதானே, இன்னும் வராத கிரகணத்துக்கு எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். பஸ் கிளம்பும் முன்பே வழித்தடம் போட்டுவிடுகிறார்களே!

அப்புறம், 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்தது வளையக் கிரகணம், அதாவது நிலாவைச் சுற்றிச் சூரியனின் விளிம்பு வளையமாகத் தெரிவது. நிலா தொலைவில் இருந்ததால் கருநிழல் கூம்பின் முனை தரையைத் தொடவே இல்லை. அந்தப் பட்டையைக் கருநிழல் தடம் என்றால் பிழை, ‘வளையத் தடம்’ என்று வைத்துக்கொள்ளலாம். 2031 மே 21 அன்று மதுரை வருவதும் அதில்தான்.

பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதைத் தளம் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் அமாவாசை விழ வேண்டும். அந்த இடத்துக்கு ‘கணு’ சரி. ராகு, கேது என்பவை இதே புள்ளிகள்தான், ஆனால் அப்படிப் போட்டால் வாசகர் ஜாதகத்தை எடுத்துவிடுவார்.

சூரியன் முழுசாக மறைந்திருக்கும் நேரத்துக்கு இப்போதைக்கு ‘முழுமறைப்பு நேரம்’ என்று போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளம், சுருக்கமாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.