உதவி தேவை: பாடசாலையின் கணினிப் பாதுகாப்பை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஐசிடி ரீச்சர்:
வணக்கம். மாங்குளத்திலிருந்து உள்ளே போகிற ஒரு பாடசாலையில் ஐசிடி, அதாவது தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கணினி அறையில் 14 கணினி, வேலை செய்வது 11. நான்கில் விண்டோஸ் 7, மற்றவற்றில் விண்டோஸ் 10. அலுவலகத்தில் தனியாக ஒன்று.

போன கிழமை தவணைப் பரீட்சை வினாத்தாள் அச்செடுக்கப் பென் டிரைவைக் கொமினிகேசன் கடைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து செருகினால் எல்லாக் கோப்புறையும் சோர்ட்கட்டாக நிற்கிறது. அலுவலகக் கணினியிலும் செருகிவிட்டார்கள். அந்தப் பென் டிரைவில் இருந்தது வினாத்தாள் மட்டுமல்ல. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருந்தோம். யுத்தம் முடிந்த 2009இல் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்த சனம், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடந்து நடந்து திரும்ப எடுத்தவை. எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை.

அடுத்த மாதம் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு எங்கள் பாதுகாப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அதிபர் அறிக்கை கேட்கிறார். வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு மென்பொருள்) வாங்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். காசும் குறைவு. எதை முதலில் பார்ப்பது?

வவுனியா திருத்துநர்:
ரீச்சர், கோப்புகள் அழிந்திருக்காது. இந்த வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு அதே பெயரில் சோர்ட்கட் வைக்கும். அதைச் சொடுக்கினால் உங்கள் கோப்புறையும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஆகவே இனி ஒருவரும் அதைச் சொடுக்க வேண்டாம்.

முதலில் அலுவலகக் கணினி. அது விண்டோஸ் 10 என்றால் அதோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி அணைந்து எழும்பிக் கால் மணித்தியாலமளவில் முடித்துவிடும். அது சுத்தமான பிறகுதான் பென் டிரைவ். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லும் தெரிவை ஒன் பண்ணுங்கள். கீழே சிஸ்டம் கோப்புகளை மறைக்கிற தெரிவும் இருக்கும், அதில் உள்ள சரியடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் குவிந்து கிடப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். வேண்டியதைப் பிரதி எடுத்துவிட்டுப் பென் டிரைவை ஃபோமற் அடித்து முழுக்க வெறுமையாக்குங்கள்.

இனிக் கடைக்கென்று ஒரு பென் டிரைவை ஒதுக்குங்கள். அச்செடுக்கிற கோப்பைத் தவிர அதில் வேறொன்றும் இருக்கக் கூடாது. வந்தவுடன் ஃபோமற். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14 அன்று வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 7 உள்ள அந்த நான்கையும் இணையத்திலிருந்து கழற்றுங்கள், அல்லது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். இதைச் செய்யாமல் வைரஸ் கார்ட் வாங்குவது வீண் காசு.

லண்டன் பழைய மாணவன்:
ரீச்சர், நான் துணுக்காய்ப் பக்கம் படித்தவன். இப்போது இங்கே ஒரு பாடசாலையில் கணினி உதவியாளர். இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கான வழிகாட்டியில் இணைய ஆபத்தை நான்காகப் பிரிப்பார்கள்: பிள்ளை காண்பது, பிள்ளையோடு தொடர்புகொள்வது யார், பிள்ளை தானே நடந்துகொள்ளும் விதம், காசு பறிக்கும் வலைகள். கூடாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்று 2023இல் தனியாகவும் எழுதி வைத்தார்கள். அந்தப் படிவங்கள் உங்களுக்குத் தேவையில்லை, அந்த நான்கு கேள்விகள் போதும்.

ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு மாணவர் கணக்கில் கணினி முன்னால் இருந்து பாருங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்களைத் திறவுங்கள். நான் ஒரு தரம் அப்படிப் பார்த்தபோது மூன்று ஆசிரியர்களின் மின்னஞ்சல் கடவுச்சொல் அங்கேயே கிடந்தது. பிறகு ரௌட்டர். அதன் நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதே என்றால் அதை இன்றைக்கே மாற்றுங்கள். தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அடுத்ததில் 1.0.0.3 போட்டால் வைரஸ் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெரும்பாலும் அடைபடும். இதுவும் இலவசம். ஆனால் அம்மாவின் போனில் டேட்டா போட்டுப் பார்க்கிற பிள்ளையை இது தொடாது.

கடைசியாக, பாடசாலையின் ஜிமெயிலை மீட்கும் தொலைபேசி எண் யாருடையது?

முழங்காவில் அம்மா:
எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது, ஒன்று மட்டும் சொல்கிறேன். கொரோனா நேரம் தொடங்கிய வகுப்பு வட்ஸ்அப் குழுக்களையும் பாருங்கள் ரீச்சர். தரம் 9 படிக்கிற என் மகளுக்கு அந்தக் குழுவிலிருந்து நம்பர் எடுத்த ஒருவன் ஒரு மாதமாக எழுதியிருக்கிறான். பிறகு படம் கேட்டிருக்கிறான். போனைப் பறித்துவிடுவோம் என்ற பயத்தில் பிள்ளை வாய் திறக்கவில்லை. தலையணைக்குக் கீழே போன் இரவிரவாக மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். கேட்டவுடன் அழுதுவிட்டாள்.

லண்டன் பழைய மாணவன்:
அக்கா, நீங்கள் கேட்டது பெரிய காரியம். உரையாடலை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு அவனைத் தடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். கணக்கு களவுபோனால் கணினி அவசர உதவிக் குழுவான இலங்கை சேர்ட்டின் 101 இருக்கிறது. படம் ஏதாவது போயிருந்தால் அதை ஆதாரத்துக்கென்று ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்று ஒரு இலவசச் சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும். பங்கெடுக்கும் தளங்கள் அதைக் கொண்டு படத்தைத் தேடி நீக்கும்.

ஐசிடி ரீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. கோப்புகள் முழுதும் கிடைத்துவிட்டன. சான்றிதழ்ப் பிரதிகளை இனிப் பென் டிரைவில் வைப்பதில்லை. கடவுச்சொல் போட்ட ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் அதிபரின் இரும்பு அலுமாரியில், இன்னொன்று உப அதிபரிடம்.

ஜிமெயிலைத் திறந்து பார்த்தால் மீட்பு எண், நான்கு வருடத்துக்கு முன் இடமாற்றம் பெற்றுப் போன சேருடையது. நல்ல மனிதர், எடுத்தவுடன் உதவினார். ஆனால் அந்த சிம்மை அவர் தொலைத்திருந்தால்? இப்போது இரு படிச் சரிபார்ப்புப் போட்டு, பத்து மீட்புக் குறியீடுகளையும் அச்செடுத்து அதே அலுமாரியில் வைத்தாயிற்று.

வட்ஸ்அப் குழுக்களை ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பெயர் பெயராகப் பார்த்தோம். யாரென்று தெரியாத 23 எண்கள். அழைப்பு இணைப்பை மாற்றினோம், இனி அட்மின் மட்டும்தான் செய்தி போடலாம். புலமைப்பரிசில் முடிவோடு பிள்ளையின் முழுப்பெயரும் சுட்டெண்ணும் தெரிய முகநூலில் போட்ட படங்களையும் எடுத்துவிட்டோம். அறிக்கையில் நான் முதலாவதாக எழுதியது முழங்காவில் அம்மா சொன்னதை, பெயர் ஊர் இல்லாமல். ஒரு பிள்ளை வந்து சொன்னால் போனைப் பறிப்பதில்லை என்று பெற்றோர் கூட்டத்திலேயே பேசி முடிவெடுக்கக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு உதவி. மூன்று கணினியில் மின்ட் போட்டேன். பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள் ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகின்றன. வைரஸா?

வவுனியா திருத்துநர்:
இல்லை ரீச்சர். பாமினி எழுத்துரு அதில் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் கணினியின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து மின்டில் திறந்து இன்ஸ்டால் கொடுங்கள். மின்டில் வினாத்தாளைத் திறக்கிற லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் சரி. கொண்டுபோவது கடைப் பென் டிரைவில் வேண்டாம்.