ரிசர்வேஷன் வேஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பொருளியல் ஆசிரியை, திருச்சி:
அனைவருக்கும் வணக்கம். போலந்து பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1990 ஜனவரி 1 அன்று, அரசுத் திட்டப் பொருளாதாரத்தைச் சந்தைக்கு மாற்றும் பல்ட்செரோவிச் திட்டம் அங்கே தொடங்கியது. அதுவரை வேலையின்மை என்ற கணக்கே இல்லாத நாடு. 1993 முடிவில் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை. வேலை போனவர், 'இதற்குக் கீழே கொடுத்தால் வரமாட்டேன்' என்று மனத்தில் வைத்திருக்கும் கூலிதான் ரிசர்வேஷன் வேஜ். 'ஒதுக்கீட்டுக் கூலி' என்றால் பிள்ளைகள் இடஒதுக்கீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:
அம்மா, முதலில் கூலியா ஊதியமா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். வள்ளுவருக்கு ஊதியம் என்பது ஆதாயம்: 'அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு'. உழைப்புக்கு ஈடாக வருவது கூலி: 'மெய்வருத்தக் கூலி தரும்'. சம்பளமோ சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது. உழைத்தவனுக்கு அவற்றையே அளந்தார்கள். என் பரிந்துரை 'இசைகூலி'. வினைத்தொகை, இசைந்த, இசைகின்ற, இசையும் என முக்காலமும் அடங்கும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
ஐயா, வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு. நெல்லும் உப்பும் பிறகு பொருத்திப் பார்த்ததாகவே எனக்குப் படுகிறது. இசைகூலி என்றால் மாணவர் நாகஸ்வரக்காரர் கூலி என்றே படிப்பார். 'குறைந்தபட்சக் கூலி' 1948 முதலே நம் சட்டத்துக்கு உரியது, தொட முடியாது. 'ஏற்புக்கூலி' போதுமே?

தமிழாசிரியர், மதுரை:
படித்தவுடன் புரிய வேண்டும் என்றால் எந்தப் புதுச்சொல்லும் பிறக்காது. 'இசை' உடன்படுதலைக் குறிப்பது இன்றைய வழக்கிலும் உண்டு: இசைவு, இசைந்தார்.

தொழிலாளர் பொருளியல் ஆய்வாளர், கோவை:
ஏற்புக்கூலி என்றால் கடைசியில் கைக்கு வந்த கூலி என்றும் ஆகிவிடும். மனத்தில் வைத்த எல்லையும் கைக்கு வந்த கூலியும் வேறு. போலந்தில் வேலையில்லாதவர்க்கான உதவித்தொகை முதலில் பழைய கூலியின் பங்காகக் கிடைத்தது. 1992-இல் எல்லோருக்கும் ஒரே தொகையாக்கி, சராசரிக் கூலியில் 36 விழுக்காடு என்றார்கள். வூச் நகரத்து நூற்பாலையில் குறைந்த கூலி வாங்கிய பெண்ணுக்கு அது பழைய கூலியை ஒட்டி வரும். சுரங்கத்தில் நிறைய வாங்கியவருக்கு எட்டாத தூரம். ஆக ஒரே தொகை இருவரையும் இரண்டு விதமாக இறங்கச் சொல்லும். தொகை நிற்கும் மாதம் நெருங்கினால் எல்லை இன்னும் இறங்கும். பழைய கூலியும் சந்தை வைத்ததல்ல, திட்டக்குழு வைத்தது. விலைவாசியும் பல மடங்கு ஏறியதால், புது வேலையில் நோட்டு கூடி ரொட்டி குறையலாம். எனவே இரண்டு சொல் வேண்டும்: மனத்தில் வைத்த எல்லைக்குக் 'கூலிக் கீழெல்லை', கைக்கு வந்ததற்கு 'மறுவேலைக் கூலி'.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
மறுவேலைக் கூலி அருமை. கீழெல்லை மட்டும் நில அளவை போல இருக்கிறது. போலந்துக்காரர்கள் அந்த உதவித்தொகையைத் தொழிலாளர் அமைச்சர் யாசெக் குரோன் பெயரால் 'குரோனியூவ்கா' என்று கூப்பிட்டார்கள். எந்தக் குழுவும் கூடிச் செய்த சொல்லல்ல. நம் சித்தாள் என்ன சொல்கிறார்? 'அந்தக் கூலிக்கு வந்தா கட்டுபடியாகாதுங்க.' 'கட்டுபடிக் கூலி' என்று வைப்போமே.

ஆய்வாளர், கோவை:
கட்டுபடி என்றால் செலவு போக மிஞ்சுவது. விவசாயி கேட்கும் விலைக்குப் பொருந்தும். உதவித்தொகை நின்றபின் வயிற்றுப்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளும் கூலி யாருக்கும் கட்டுபடியாவதில்லை. அந்த நெருக்கடியை இச்சொல் மறைக்கிறது.

ஆசிரியை, திருச்சி:
எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் 'இசைகூலி', 'கூலிக் கீழெல்லை', 'கட்டுபடிக் கூலி' மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். பெரும்பாலோர் 'கட்டுபடிக் கூலி'க்குக் கை தூக்கினார்கள். அதையே அனுப்புகிறேன், முதல் இடத்தில் மட்டும் ரிசர்வேஷன் வேஜ் பக்கத்தில் நிற்கும். மறுவேலைக் கூலியும் சேர்ந்துவிட்டது.

தமிழாசிரியர், மதுரை:
அனுப்புங்கள் அம்மா. ஆனால் 'இசைகூலி' அடுத்த பதிப்புக்கான பட்டியலில் இருக்கட்டும்.

ஆய்வாளர், கோவை:
என் மறுப்பும் அப்படியே இருக்கட்டும். நூற்பாலைப் பெண்ணின் கணக்கைப் போட்டுக் காட்டும் பக்கத்திலாவது 'கீழெல்லை' என்று எழுதுங்கள்.