சென்னையிலிருந்து கேம்பர் வேனில் மூன்று மாதம்: 8 மாதக் குழந்தை, 4 வயது மகளோடு கிளம்ப என்னென்ன சரிபார்க்கணும்?

மேடவாக்கம்வண்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிஞ்சதும் கிளம்பி ஈசிஆர் வழியா ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கேரளக் கடற்கரை, வயநாடு, மைசூர், கடைசியா நீலகிரினு மூணு மாசத் திட்டம். 13 சீட் டெம்போ டிராவலர், ஒயிட் போர்டு. எல்லா சீட்டையும் எடுத்துட்டுக் கட்டில், அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணி டேங்க் வைக்க அம்பத்தூர்ல ஒரு பட்டறையில பேசியிருக்கோம். இன்னும் அட்வான்ஸ் குடுக்கல.

தெரிஞ்சுக்க வேண்டியது: ராத்திரி ஏசி பேட்டரியில ஓடுமா? வண்டி ஓடும்போது ரெண்டு பிள்ளைங்களையும் எங்க உட்கார வைக்கறது? தூளி கட்டலாமா? தடுப்பூசி, வயித்துப்போக்கு மாதிரி விஷயத்துக்கு என்ன ஏற்பாடு?

பாடிகட்டு பதில்:

அட்வான்ஸ் குடுக்காதது நல்லதாப் போச்சு. முதல்ல ஆர்டிஓ ஆபீஸ் போயிட்டு வாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி குடுத்த விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. கேரவனுக்கு ஏஐஎஸ்-124னு தனி விதிமுறை இருக்கு. எந்தப் பட்டறையா இருந்தாலும் "ஏஐஎஸ்-124 சான்றோட, ஆர்சியில கேரவன்னு ஏத்தித் தருவீங்களா?"னு கேளுங்க. ஆர்சியில 13 சீட்டுனு இருந்து உள்ள கட்டிலும் அடுப்பும் இருந்தா, விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ் க்ளெய்மைத் தள்ள அந்த ஒரு காரணம் போதும்.

அடுத்தது சீட். எல்லாத்தையும் எடுக்காதீங்க. டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற முதல் வரிசை, கம்பெனி போல்ட்டோட அப்படியே இருக்கட்டும். பிள்ளைங்க இடம் அதுதான். அந்த சீட்டுல இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கா, தோள் வரைக்கும் வர்ற மூணு முனை பெல்ட் இருக்கான்னு பாருங்க. குழந்தை சீட்டுல பெரும்பாலானதுக்கு மூணு முனை பெல்ட் இல்லேன்னா ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேரா மாட்ட வண்டி சீட்டுலயே இருக்கிற இரும்புக் கொக்கி) வேணும். இடுப்பு பெல்ட்தான்னா, இடுப்பு பெல்ட்டுக்குன்னே அனுமதி பெற்ற மாடலைத் தேடி வாங்கணும், அல்லது கம்பெனி சீட்டையே மாத்தணும். பட்டறையில "பிளைவுட் பெஞ்சுலயே பெல்ட் வெச்சுத் தர்றேன்"னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. சடன் பிரேக்குக்குத் தாங்கும், மோதலுக்குத் தாங்காது. திருகு பிளைவுட்டைப் பிச்சுக்கிட்டு வந்துடும். பக்கவாட்டு சோஃபாவும் வேணாம், குழந்தை சீட் எதுவும் பக்கவாட்டுல மாட்டறதுக்காகச் செய்யப்பட்டது இல்ல.

சின்னவனுக்குப் பின்னோக்கிப் பார்க்கிற சீட். ஆர்129ங்கற ஐ.நா. குழந்தை சீட் விதிப்படி 15 மாசம் வரைக்கும் அப்படித்தான், அதுக்கு மேலயும் சீட் தாங்கும் எடை வரைக்கும் தொடரலாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டுல அதை எப்பவும் வைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லேன்னா 1,000 ரூபாய் அபராதம். மடியில வெச்சுக்கிட்டா பாதுகாப்புன்னு நினைக்கிறவங்க நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேர். மோதும்போது எந்தக் கையாலும் பிடிச்சு நிறுத்த முடியாது.

தூளி: வண்டி நின்னு, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு மட்டும். உள்கூரை ஷீட்டுல கொக்கி மாட்டாதீங்க. கூரைக்குக் குறுக்கா போற இரும்பு விலாவுல, பின்பக்கம் பட்டைத் தகடு குடுத்து ஐ-போல்ட் (தலையில வளையம் உள்ள போல்ட்) போடச் சொல்லுங்க. 8 மாசத்துப் பிள்ளை ஓரத்தைப் பிடிச்சு எழும்பும். அதனால பக்கத்துல ஆள் இருக்கும்போது பகல்ல தூங்க வைக்க மட்டும் தூளி. ராத்திரிக்கு இறுக்கமான தட்டையான மெத்தை, தலையணை இல்லாம, ஓரத்துல வலைத் தடுப்போட.

எல்லாம் கட்டி முடிச்சு டேங்க் நிரப்பி, குடும்பத்தோட எடை மேடையில ஏத்திப் பாருங்க. 100 லிட்டர் தண்ணியே 100 கிலோ. முன் அச்சு, பின் அச்சு தனித்தனியா எடை எடுத்து, அதுக்கேத்த டயர் காத்து வைங்க.

வாட்கணக்கு பதில்:

ஏசி கேள்விக்கு வர்றேன். 12.8 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் பேட்டரியில இருக்கிறது 2,560 வாட்-ஹவர். முழுசா வடிக்கக் கூடாது, கைக்கு வர்றது சுமார் 2,200. 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நம்ம வெயில்ல நாளுக்கு 500–600 இழுக்கும். ரெண்டு 12 வோல்ட் ஃபேன் ராத்திரி முழுக்க ஓடினா 400–500. லைட், போன், பம்ப் சேர்த்து 150. ஆக ஏசி இல்லாமலே ஆயிரத்துக்கு மேல போயிடுது. முக்கால் டன் இன்வர்ட்டர் ஏசி குளிர்ந்து நிதானமான பிறகும் 400 வாட் அளவுல தின்னும், எட்டு மணி நேரத்துக்கு 3,200 வாட்-ஹவர். 200 ஏஎச்ல அது நடக்காது. 400 ஏஎச் வேணும், இல்லேன்னா ஏசி ராத்திரிகளை மின் இணைப்பு கிடைக்கிற விடுதி வளாகத்துல வெச்சுக்கணும். ரெண்டாவதுதான் என் பரிந்துரை. ஏன்னா பேட்டரி வாங்கறதை விட, அதை மறுநாள் நிரப்பறதுதான் கஷ்டம். 400 வாட் சோலார் நல்ல வெயில்ல நாளுக்கு 1,500 குடுக்கும். 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (இன்ஜின் ஓடும்போது உள் பேட்டரியை அளவா நிரப்பற கருவி) வண்டி ஓடற ஒவ்வொரு மணிக்கும் 400. குழந்தையோட நாளுக்கு மூணு மணி நேரம்தான் ஓட்டுவீங்கன்னா, அதுல 1,200. குழந்தைக்காகப் புளியமரத்து நிழல்ல நிறுத்தினா சோலார் பெருசா எதுவும் தராது. இதைப் பலர் கணக்குல எடுக்கறது இல்ல.

டிசி-டிசி சார்ஜர் இல்லாம லித்தியத்தை ஆல்டர்னேட்டரோட (இன்ஜின்ல மின்சாரம் தயாரிக்கிற பாகம்) நேரா இணைக்காதீங்க. லித்தியம் கிடைக்கிற கரண்ட்டை எல்லாம் இழுக்கும். ஐடிலிங்ல ஆல்டர்னேட்டர் சூடேறி எரியும். பேட்டரி முனையிலிருந்து ஒரு அடிக்குள்ள ஃப்யூஸ் இருக்கணும். விடுதியில பிளக் எடுக்கும்போது 2.5 ஸ்கொயர் எம்எம் மூணு கோர் கேபிள், வண்டிக்குள்ள 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்சாரம் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்), கூடவே எர்த் இருக்கான்னு காட்டற ஒரு சாக்கெட் டெஸ்டர். எர்த் இல்லாத பிளக்னா குத்தாதீங்க. ஈரக் காலோட பிள்ளைங்க ஏறி இறங்கற இரும்பு வண்டி அது.

முதல் செலவு ஏசிக்கு இல்ல, கூரைக்குப் போகட்டும். சூடு இறங்காம இருக்க கூரைத் தகட்டுக்கு அடியில 19 எம்எம் நைட்ரைல் ரப்பர் ஃபோம் இடைவெளி விடாம ஒட்டி, வெளிக்கூரைக்கு வெள்ளை அடிச்சு, மேல காத்தை வெளியே தள்ற ஒரு ஃபேன் போடுங்க. எதிர்ப்பக்கம் கொசுவலை போட்ட ஜன்னல் தாழ்வா திறந்திருக்கணும், காத்து உள்ள வர வழி இல்லேன்னா ஃபேன் சும்மா சுத்தும்.

பிள்ளைநலம் பதில்:

மூடின வண்டிக்குள்ள வெளி வெயிலைவிட 10 டிகிரி கூட, பத்தே நிமிஷத்துல ஏறிடும். அதனால "ஒரு நிமிஷம்"னுகூட ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு இறங்காதீங்க. குழந்தை சீட்டுல ஒரே மூச்சா ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணாம். எடுத்துத் தட்டையா படுக்க வைங்க, முதுகைத் தொட்டுப் பாருங்க, வேர்வையில நனைஞ்சிருந்தா துணி மாத்திட்டுத்தான் அடுத்த பயணம்.

தடுப்பூசிக்குக் கவலை வேணாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் எந்த ஊர்லயும், எந்த மாநிலத்துலயும் போடும். தாய்-சேய் அட்டை கையில இருக்கணும், போட்டோவும் எடுத்து வைங்க. 9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி உங்க வழியில வரும், எந்த ஊர்ல இருப்பீங்கன்னு இப்பவே குறிச்சுக்குங்க.

வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் பத்தாவது வேணும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர்லதான் கரைக்கணும். பாதிப் பாக்கெட், அரை லிட்டர்னு கண்ணளவு வேணாம், உப்பு கூடிப்போனா ஆபத்து. ஒவ்வொரு தடவை போன பிறகும் சின்னவனுக்கு 50–100 மில்லி, பெரியவளுக்கு 100–200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா. துத்தநாக மாத்திரை 20 மி.கி., 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண் குழிஞ்சு, ஆறு மணி நேரமா மூத்திரம் போகலேன்னா 108.

பாராசிட்டமால்ல அதிகம் நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. சொட்டு மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 100 மி.கி., சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சொட்டு மருந்தை சிரப் அளவுல குடுத்தா பல மடங்கு கூடிடும். ரெண்டு பிள்ளைங்க எடைக்கும் எத்தனை மில்லின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, பாட்டில் மேலயே ஒட்டுங்க.

தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க 93 டிகிரிக்குள்ளயே கொதிச்சுடும், மூணு நிமிஷம் விடுங்க. கலக்கின பவுடர் பால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தா கொட்டிடுங்க. ஒரு வயசு ஆகிற வரைக்கும் நாக்குல தேன் தொட்டு வைக்க யாரையும் விடாதீங்க.

மேடவாக்கம்வண்டி:

ரொம்ப நன்றி. முதல் வரிசை சீட்டை விட்டுடறோம், ஏசி விடுதி ராத்திரிக்கு மட்டும். அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா? டயப்பர், ராத்திரி தங்கறது பத்தியும் சொல்லுங்க.

நெடுஞ்சாலை45 பதில்:

1,200 வாட் இண்டக்‌ஷன் அரை மணிக்கு 600 வாட்-ஹவர். மேலே சொன்ன கணக்குல அது தினமும் தாங்காது. பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற 5 கிலோ சிலிண்டர் வெச்சுக்குங்க. ஆனா சமையல் வண்டிக்கு வெளியே, பந்தல் துணிக்கு அடியில. சிலிண்டர் பெட்டிக்குத் தரையில வெளியே திறக்கிற ஓட்டை இருக்கணும், ஏன்னா எல்பிஜி காத்தைவிட கனம், கீழதான் தங்கும். அதனால கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேற, அது படுக்கிற மட்டத்துல. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கறது மட்டும் கூடவே கூடாது. இட்லி மாவு கொண்டு போனா டப்பாவுல பாதிதான் நிரப்புங்க, வெயில்ல குலுங்கிப் பொங்கி வழியும். ராகி மாவு, வறுத்த ரவை, பாசிப்பருப்பு இருந்தா சின்னவனுக்குப் போதும்.

டயப்பர் நாளுக்கு 6–8. ஒரு வாரத்துக்குத்தான் வைங்க, எல்லா ஊர்லயும் கிடைக்குது. சுருட்டிப் பேப்பர்ல கட்டி, மூடி இறுகற வாளியில போட்டு, ஊர்க் குப்பை வண்டியில குடுங்க. காட்டு ஓரத்துல போட்டா விலங்கு கிழிக்கும். 20 லிட்டர் கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியைக் கழட்டிக் காலி பண்ற டாய்லெட்) உங்களுக்கு ரெண்டு மூணு நாள் வரும். பங்க் கழிப்பறையில கேட்டுட்டுக் காலி பண்ணுங்க, மழைநீர் வடிகால்ல ஊத்தாதீங்க.

ராத்திரிக்கு வெளிச்சமும் ஆளும் இருக்கிற பங்க், விடுதி வளாகம், டோல் பக்கத்து வாகன நிறுத்தம். தென்னைமரத்துக்கு அடியில வேணாம். ஈசிஆர்ல கடல் தெரியுதுன்னு மணல்ல இறக்கினா பின் சக்கரம் புதைஞ்சுடும், தார் விளிம்பிலேயே நிறுத்துங்க. தேசிய நெடுஞ்சாலையில பழுதானா 1033.

வயநாடு–மைசூர் சாலை பந்திப்பூர் காட்டுக்குள்ள ராத்திரி 9 முதல் காலை 6 வரைக்கும் மூடியிருக்கும், கூடலூர்–மைசூர் பாதையும் அப்படியே. மாட்டிக்காம மதியத்துக்குள்ள கடந்துடுங்க. நீலகிரிக்கு இ-பாஸ் 2024 மே மாசத்துல வந்தது, கிளம்பும் முன்னாடி எடுங்க. மசினகுடி–கல்லட்டி பாதையில 36 கொண்டை ஊசி வளைவு, இந்த எடைக்கு அது வேணாம், கூடலூர் வழியா ஏறுங்க. இறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர். பிரேக் வாடை வந்தா அரை மணி நிறுத்துங்க, சூடான பிரேக் டிரம்ல தண்ணி ஊத்தாதீங்க. மலையில வாந்தி வர்றது பெரியவளுக்குத்தான் வாய்ப்பு அதிகம். கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி இட்லி ரெண்டு போதும், பால் வேணாம். ஜன்னல் வழியா தூரத்தைப் பார்க்கிற மாதிரி அவ சீட்டைக் கொஞ்சம் உயரமா வைங்க.