20 நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்

நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயல். போன குறுவைக்கு நாற்றங்காலில் முளைகட்டிய விதை தெளித்து மூன்றாம் நாள். மோட்டார் போட்டு, பாத்தி நனைந்ததும் நிறுத்த வேண்டும். 20 நிமிஷ வேலை. கையில் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு. 12 பேர் சேமிப்பு, கடன், வட்டி. எங்கோ 340 ரூபாய் இடித்தது. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

நேரத்தை நான் மறக்கவே இல்லை. நடுநடுவே 'இன்னும் 20 ஆகியிருக்காது' என்று மனசு சொல்லிக்கொண்டேதான் இருந்தது. போனைப் பார்த்தால் 55 நிமிஷம். தண்ணீர் வரப்பைத் தொட்டு நின்றது, விதையெல்லாம் கீழ்மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மாமா திட்டவில்லை. "சரி விடும்மா, வடிச்சுட்டு அள்ளிப் பரத்தலாம்" என்றார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அடுத்த தடவை நோட்டை எடுத்துப் போகவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி ஆகியிருக்கும் என்று எழுந்தால் 12 நிமிஷம்!

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். நேரம் போவதை உணர்வதற்கும் கவனம் வேண்டும். கணக்கு அந்தக் கவனத்தை இழுத்துக்கொண்டால், கழிந்த நேரத்தில் ஒரு பகுதி மனசுக்கு எட்டுவதே இல்லை. பிளாக், ஹான்காக், ஸகாய் என்ற மூன்று ஆய்வாளர்கள் 117 பரிசோதனைகளைத் தொகுத்து 2010இல் இதை எழுதியிருக்கிறார்கள். நேரத்தைக் கணிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், மூளைக்கு வேலை கூடினால் நேரம் குறைவாகவே தெரியுமாம். முன்னால் சொல்லாமல், எல்லாம் முடிந்தபின் கேட்டால் தலைகீழ். வேலை நிறைந்த பொழுதுதான் நீளமாகத் தெரியும். அதுவும் உண்மைதான். அந்தக் காலைப்பொழுதை இன்று நினைத்தால் அரைநாள் போல இருக்கிறது.

மகளிடம் சோதித்தும் பார்த்தேன். கண்ணை மூடி, ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லச் சொன்னேன். சும்மா இருந்தபோது 52 விநாடியில் சொன்னாள். 300இலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே சொல்லச் சொன்னபோது 88.

இப்போது மாமா பாத்தியில் ஒரு குச்சி நட்டு, தண்ணீர் ஏற வேண்டிய மட்டத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். நான் போனில் அலாரமும் வைக்கிறேன்.

குலவையிட்டுப் பாடிக்கொண்டே நடவு நட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பாட்டு இருக்கும் நாளில் பொழுது எப்படிப் போகும்?