முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது, இரண்டு தடவை அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை. உதவுங்கள்

கோத்தகிரி ஸ்விஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2015 ஸ்விஃப்ட், பெட்ரோல், டயர் 165/80 ஆர்14. அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், அதற்காகக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய்த் திரும்புகிறோம். ஜனவரியில் முன்பக்கம் இரண்டும் புது டயர் போட்டேன், போட்ட அன்றே அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்தார்கள். 5,000 கி.மீ.யில் சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் அலைன்மென்ட் செய்தேன், வேறு கடையில்.

போன வாரம் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரர் டயரைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது டயரின் உள்பக்க ஓரம் மொட்டையாகி ஒரு விரல் அகலத்துக்குக் கம்பி தெரிகிறது! வெளியே நின்று பார்த்தால் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, அதனால் எட்டு மாதமாக நான் கவனிக்கவே இல்லை. மொத்தம் ஓடியது 9,000 கி.மீ. கூட வராது. வலது டயர் நன்றாகவே இருக்கிறது. ஸ்டியரிங் நேராக இருக்கிறது, ஆட்டம் இல்லை, ஒரு பக்கம் இழுப்பதும் இல்லை. அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு இந்த டயரோடு இத்தனை நாள் மலை இறங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை. ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறேன். மறுபடியும் அலைன்மென்ட் செய்யலாமா, இல்லை டயரே சரியில்லையா?

குன்னூர் பட்டறை

தம்பி, மூன்றாவது தடவை அலைன்மென்டுக்கு இப்போதே போகாதீர்கள், காசுதான் போகும். அலைன்மென்ட் என்பது ரிப்பேர் இல்லை, நல்ல நிலையில் இருக்கும் பாகங்களைச் சரியான அளவில் நிறுத்தி வைப்பது மட்டும்தான். வளைந்த பாகமோ கிழிந்த புஷ்ஷோ (பாகங்கள் சேரும் இடத்து ரப்பர்) உள்ளே இருந்தால் மெஷினில் நிற்கும்போது பச்சை, அதாவது அளவு சரி என்று காட்டும், ரோட்டில் இறங்கியதும் மாறிவிடும்.

உங்கள் வண்டியில் முன்பக்கம் டை ராடை (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) திருகி டோ மட்டும்தான் மாற்ற முடியும். டோ என்றால் மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரத்தின் மூக்கும் உள்ளே சேர்கிறதா (டோ-இன்) வெளியே விரிகிறதா (டோ-அவுட்) என்பது. கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்வது, அதற்கு இதில் தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அதனால் கேம்பர் சிவப்பில் இருந்தாலும் டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. உங்களுக்குப் பிரிண்ட் கொடுத்தார்களா? செய்வதற்கு முன்னால் இருந்த அளவு, செய்த பிறகு இருந்த அளவு, இரண்டும் வேண்டும்.

அப்புறம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். ஒன்று, கல்லிலோ பெரிய பள்ளத்திலோ இடது பக்கம் எப்போதாவது பலமாக மோதியதா? இரண்டு, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கீழே டொக் என்று சத்தம் வருகிறதா? மூன்று, உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே தேய்த்துப் பாருங்கள், முதலில் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி கூராகவும் தட்டினால் அது டோ கோளாறு. உள்ளிருந்து வெளியே தேய்க்கும்போது கூர் தட்டினால் டோ-இன் அதிகம், வெளியிலிருந்து உள்ளே வரும்போது தட்டினால் டோ-அவுட். ரம்பமே இல்லாமல் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகப்படலாம். கம்பி தெரியும் இடத்தில் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும்.

வத்தலகுண்டு ரோடு

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் பூம்பாறையிலிருந்து பூண்டு, காய் ஏற்றி வத்தலகுண்டு இறக்குகிறவன், பிக்கப் வண்டி. எனக்கு இதற்கு நேர் எதிர். முன் டயர் இரண்டுமே வெளி ஓரம் தேய்கிறது, இடது வலது இரண்டும் ஒரே மாதிரி. இதுவும் அலைன்மென்ட் கோளாறுதானா அண்ணா?

குன்னூர் பட்டறை

இரண்டு பக்கமும் சமமாக வெளி ஓரம் தேய்ந்தால் முதலில் ரோட்டையும் காற்றையும் பாருங்கள், பிறகுதான் அலைன்மென்ட். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பாரம் முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்தின் வெளி ஓரத்தில்தான் உட்காரும். காற்று குறைவாக இருந்தால் டயர் இன்னும் மடங்கி அந்த ஓரத்திலேயே தேயும். டோ-இன் அதிகமானாலும் இப்படி வரும், அதை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மலையில் ஓடும் பார வண்டிக்கு 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றுங்கள், இங்கே 10,000 வரை காத்திருந்தால் ஓரம் போய்விடும்.

கல்லட்டி 36

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள். கீழே வெயிலில் காற்று பிடித்துவிட்டு ஊட்டி வந்தால் குளிரில் காற்று இறங்கிவிடும் என்று சிலர் கூடுதலாக 5 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். குளிரில் இறங்குவது உண்மைதான், 20 டிகிரி குறைந்தால் கார் டயரில் சுமார் 3 பிஎஸ்ஐ குறையும். ஆனால் 2,200 மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் கேஜில் கிட்டத்தட்ட அதே 3 பிஎஸ்ஐ கூடிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. எனவே கணக்குப் போட்டு ஏற்ற வேண்டாம். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் டயர் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் ஊரிலேயே பாருங்கள். ஒரு சின்ன கேஜ் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டால் போதும். கல்லட்டி ரோட்டில் 36 வளைவு இறங்கி மசினகுடி போன உடனே சூட்டோடு பார்த்துவிட்டு, கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

கோத்தகிரி ஸ்விஃப்ட்

அண்ணா, கேட்டதற்கெல்லாம் பதில். முதல் கடையில் பிரிண்ட் தரவில்லை. இரண்டாவது கடையில் கொடுத்தது டாஷ்போர்டுக்குள் கிடந்தது, இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். டோ இரண்டு பக்கமும் பச்சை. கேம்பர் இடது மைனஸ் 1.8, வலது மைனஸ் 0.4, இடது மட்டும் சிவப்பில் இருக்கிறது. யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. எஸ்ஏஐ என்று ஒரு வரி இருக்கிறது, இடது 12.6, வலது 12.5.

மோதியது உண்டு. போன வருடம் நவம்பர் மழையில் குஞ்சப்பனைக்கு மேலே மூடுபனியில் மண்ணோடு சரிந்து கிடந்த ஒரு கல்லின் மேல் இடது சக்கரம் ஏறி இறங்கியது. ரிம் லேசாக நெளிந்ததைத் தட்டி எடுத்தேன், அதோடு முடிந்தது என்று விட்டுவிட்டேன். பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது, ரோடு மோசம் என்று நினைத்திருந்தேன். உள்ளங்கையால் பார்த்ததில் ரம்பமும் லேசாக இருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே வரும்போது தட்டுகிறது.

குன்னூர் பட்டறை

இப்போது விஷயம் வெளிச்சமாகிவிட்டது. எஸ்ஏஐ என்பது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வு. அதோடு கேம்பரைக் கூட்டிப் பாருங்கள், கேம்பர் மைனஸ் என்பதால் கழியும். இடது 12.6-இல் 1.8 போனால் 10.8. வலது 12.5-இல் 0.4 போனால் 12.1. இந்தக் கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து கேம்பர் மட்டும் மாறினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), கிராஸ் மெம்பர் (அடியில் உள்ள குறுக்குச் சட்டம்), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உட்காரும் பாடி என்று வேறு இடத்தில் தேட வேண்டும். கூட்டுத்தொகையே மாறினால் ஸ்ட்ரட் அல்லது நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) வளைந்திருக்கிறது. உங்களுக்கு 1.3 டிகிரி வித்தியாசம். கல் கீழிருந்து இடித்ததில் ஸ்ட்ரட் வளைந்து சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, டயரின் உள்பக்கச் சுவருக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். இடதில் குறைவாக இருக்கும்.

இழுக்கவில்லையே என்று கேட்டீர்கள். இந்தக் கேம்பர் வித்தியாசம் வண்டியை வலது பக்கம் இழுக்கும், நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடது ஓரம் சாய்ந்திருக்கும், ஒன்றை ஒன்று ஈடுகட்டியதால் உங்கள் கைக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங் நேராக நிற்கிறது என்பதை வைத்து அலைன்மென்ட் சரி என்று யாரும் முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் 9,000-இல் கம்பி தெரிய கேம்பர் மட்டும் போதாது. டொக் சத்தம் லோயர் ஆர்ம் புஷ் மாதிரி இருக்கிறது. புஷ் கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் நகரும், சக்கரத்தின் டோ அந்த நேரத்துக்கு மட்டும் மாறும். சமவெளி ஆளுக்கு இது சின்னத் தொல்லை. உங்களுக்கு மேட்டுப்பாளையம் வரை 33 கி.மீ., அதில் பெரும்பகுதி இறக்கம், ஒவ்வொரு வளைவிலும் பிரேக். டோ அரை டிகிரி தப்பினால் ஒரு கி.மீ. ஓடும்போது டயர் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஏற்கனவே உள்ளே சாய்ந்த சக்கரம் அப்படி இழுபட்டால் தேயும் இடம் அந்த உள் ஓரம்தான்.

நல்ல பட்டறையில் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இடத்தில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள், ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு. 12, 6 இடத்தில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். புஷ்ஷை ஆட்டிப் பார்த்துத் தெரியாது, லிவர் கம்பி கொடுத்து நெம்பினால்தான் கிழிசல் வாய் திறக்கும். எல்லாம் முடித்த பிறகு அலைன்மென்ட். ஸ்டெப்னியோடு மலை இறங்குவதாக இருந்தால் அதன் வயதையும் காற்றையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வத்தலகுண்டு ரோடு

அண்ணா, எங்கள் ஊரில் மெஷின் இல்லை, கீழேதான் போக வேண்டும். போகாமல் டோ பார்க்க வழி உண்டா?

குன்னூர் பட்டறை

உண்டு, பழைய ஜீப் மெக்கானிக்குகள் அப்படித்தான் பார்த்தார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு பட்டனின் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள், இரண்டிலும். இறக்கி வண்டியை முன்னால் பின்னால் கொஞ்சம் உருட்டி, மட்டமான இடத்தில் ஸ்டியரிங் நேராக நிறுத்துங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை டயரின் முன்பக்கம் அச்சு உயரத்தில் ஒரு தடவை, பின்பக்கம் அதே உயரத்தில் ஒரு தடவை டேப் பிடித்து அளந்தால், முன்னால் குறைவாக இருந்தால் டோ-இன், கூடுதலாக இருந்தால் டோ-அவுட். பெரிதாகத் தப்பியிருப்பது இதில் தெரிந்துவிடும், கடைசி நுணுக்கத்துக்கு மெஷின் வேண்டும்.

கோத்தகிரி ஸ்விஃப்ட்

எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். விரல் வைத்துப் பார்த்ததில் இடது பக்கம் ஒரு விரல் குறைவாகவே இருந்தது. பட்டறையில் இடது ஸ்ட்ரட்டைக் கழற்றிப் புது ஸ்ட்ரட் பக்கத்தில் வைத்தபோது வளைவு கண்ணுக்கே தெரிந்தது. நக்கிள் தப்பித்தது. லோயர் ஆர்மின் பின் புஷ் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது, லிவர் போட்டதும் வாய் திறந்தது. முன் ஸ்ட்ரட் இரண்டும் ஜோடியாக, இடது லோயர் ஆர்ம் புஷ்ஷோடு புதுசு, முன்னால் இரண்டு டயரும் புதுசு. நல்ல வலது டயர் இப்போது ஸ்டெப்னி.

அலைன்மென்ட் கடையில் பக்கத்திலேயே நின்றேன். முன்னும் பின்னும் பிரிண்ட் வாங்கினேன். கேம்பர் இடது மைனஸ் 0.5, வலது மைனஸ் 0.4. டொக் சத்தம் அன்றோடு போயிற்று. அம்மாவே கேட்டார்கள், இன்றைக்கு ரோடு புதுசாகப் போட்டிருக்கிறார்களா என்று.

இன்றோடு 3,000 கி.மீ. ஆகிறது. மாதம் ஒரு தடவை ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து நிறுத்திக் குனிந்து உள் ஓரத்தைப் பார்க்கிறேன், ஆழம் பார்க்கும் கேஜும் வாங்கினேன். இடது டயரில் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் 7 மி.மீ.க்குப் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கிறது. அண்ணா, குன்னூர் வந்தால் பட்டறைக்கு வருகிறேன், அம்மாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

குன்னூர் பட்டறை

வாங்க தம்பி. 5,000-இல் டயரை முன்பின் மாற்றும்போதே வந்துவிடுங்கள், புது புஷ் உட்கார்ந்த பிறகு டோவை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம்.